புள்ளித் திட்டத்தில் இல்லாதது

நாலாம் வினா:
'அப்பாசியப் பேரரசின் வீழ்ச்சிக்கான காரணங்களை ஆராய்க.'
புள்ளித் திட்டம் ஐந்து காரணம் தருகிறது,
ஒன்றுக்கு மூன்று புள்ளி.
ஆடம்பரம். வாரிசுச் சண்டை. துருக்கியக் காவற்படை.
தூர மாகாணங்கள் கைநழுவியது.
ஹுலாகு.

காலையிலிருந்து நாற்பத்தொரு விடைத்தாள்.
நாற்பத்தொரு முறை பக்தாத் எரிந்துவிட்டது
என் சிவப்புப் பேனையின் கீழ்.
எல்லாரும் மொங்கோலியரில்தான் முடிக்கிறார்கள்,
குதிரை வந்ததும் மணி அடித்துவிடும் என்பதுபோல.
ஒரே ரியூசன் நோட்ஸ், ஒரே எழுத்துப்பிழை.

பங்குனி வெயில்.
மண்டபத்து மின்விசிறி
சூட்டை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குத் தள்ளுகிறது.
பிரதம பரீட்சகர் ஞானகாந்தன் சேர்
பிளேன்ரீக் கோப்பையோடு வருகிறார்:
"நிலோபர் ரீச்சர், எத்தினை முடிஞ்சுது?"

நாற்பத்திரண்டாவது தாளில் ஆடம்பரமே இல்லை.
ஒரு கலீபாவின் பெயர்கூட இல்லை.
எடுத்த எடுப்பில் ஒரு வாய்க்கால்.

'நஹ்ரவான் என்று ஒன்று இருந்தது'
என்று தொடங்குகிறது அந்தப் பிள்ளை
(ஆணோ பெண்ணோ, எனக்குச் சுட்டெண் மட்டும்தான் தெரியும்)
'அதைத் தூர்வார ஆளுக்குக் கூலி வேண்டும்.
கூலிக்கு வரி வேண்டும்.
வரியை முன்கூட்டியே குத்தகைக்கு விற்றுவிட்டார்கள்.
குத்தகைக்காரனுக்கு
அடுத்த வருசத்து விளைச்சல் எதற்கு?'

பிறகு ஒரு தளபதி வருகிறான்.
எதிரியின் வழியை மறிக்கத்
தன் நாட்டு வாய்க்காலின் கரையைத்
தானே வெட்டிவிடுகிறான்.
'படை எப்படியும் வந்து சேர்ந்தது.
தண்ணீர்தான் திரும்பி வரவில்லை.'

பேனையை மூடி வைத்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில்
ஒலிபெருக்கி ஒன்று சோனகத் தெருவால் போனது.
இரண்டு மணித்தியாலம் என்றது.
வாப்பா கடைத் திறப்பை, கேட்ட பெடியனிடம் கொடுத்தார்.
எந்த ஆணி எந்தப் பெட்டியில் என்றும் சொல்லிக் கொடுத்தார்:
அரை அங்குலம், முக்கால்,
ஓட்டுக்குத் தனி, படகுக்குத் தனி.
அவன் காதில் வாங்கவில்லை.

அந்த ஆட்சியிடமும்
நீதிமன்றம் இருந்தது, முத்திரை இருந்தது,
வரி, எல்லைக் காவல் எல்லாம் இருந்தன.
ஏன் விழுந்தது என்று கேட்டால்
இந்த ஊரில் ஒவ்வொரு வாயிலும்
வெளியிலிருந்து வந்த ஒரு குதிரை.
பொய்யில்லை. குதிரைகள் வந்தன,
யாரையும் பார்த்து மிதிக்கவில்லை.
ஆனால் எனக்கு அந்த ஆணிகளைப் பற்றித்தான் கேள்வி.
படகுக்கு ஆணி தேடி வந்த குருநகர் ஆட்கள்
பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு
எங்கே போனார்கள்?

திரும்பி வந்தபோது
கூரைக்குள் ஒரு ஆல் நின்றது.
கிணற்றை மூன்று நாள் இறைத்தோம்.
சைக்கிள் றிம், பால்மா ரின்,
வாப்பாவின் தராசுத் தட்டு ஒன்று.
நாலாம் நாளும் உவர்.

மதிய இடைவேளையில் கோட்டைப் பக்கம் நடந்தேன்.
பறங்கி கட்டி, ஒல்லாந்தன் பெருப்பித்து,
வெள்ளைக்காரனிடம் பெரிய சண்டையில்லாமல்
ஒப்படைத்துவிட்டுப் போன கோட்டை.
அத்தனை தடிப்பான சுவர்.
இன்றைக்கு ஏதோ ஒரு வேர்
பவளக்கல்லை அவசரமில்லாமல் திறந்துகொண்டிருந்தது.
அதற்கு யாரும் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை.

அந்தத் தாளைச் சேரிடம் காட்டினேன்.
இரண்டு தரம் வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நல்லாத்தான் எழுதியிருக்கு. ஆனா திட்டத்தில இல்லையே.
பொருளாதாரம் எண்டு ஏதும் பார்த்து
மூண்டு குடுங்கோ."

ஓரத்தில் பென்சிலால்
பதினைந்து என்று எழுதிப் பார்த்தேன்.
கொஞ்ச நேரம் அது அங்கேயே இருந்தது.
பிறகு அழித்துவிட்டு மூன்று போட்டேன்.

நாற்பத்துமூன்றாவது தாள்:
'ஆடம்பரமே முதற் காரணமாகும்.'

சரி. மூன்று.